படகு ஏன் கவிழ்ந்தது? பள்ளிப் படகுப் போட்டி நடத்துபவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மொரீசியஸில் கோயிலோடு சேர்ந்த ஒரு மாலைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை, இரண்டாம் பருவத்தில், எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாதிரிப் படகு கட்டும் போட்டி வைக்கிறோம். நான்கு பேர் ஒரு குழு. ஒரு குழுவின் செலவு 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. படகின் நீளம் 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மூன்று மீட்டர் தொட்டியின் ஒரு முனையில் விட்டால் மறுமுனைக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். அப்புறம் மூழ்கும்வரை அதில் சுமை ஏற்றுவோம். அவ்வளவுதான் போட்டி.

ஐந்து முறை நடத்தியாயிற்று. தொட்டியில் தெரிகிற கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும் என்பதை இந்த ஐந்து முறையும் பார்த்தேன். ஆகவே நான்கு வாரத் திட்டத்தில் இரண்டாம் வாரத்தையே நனைக்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். படகு பாதிதான் முடிந்திருந்தாலும் அன்று தண்ணீரில் இறக்கியே ஆக வேண்டும். அன்று மூழ்கினால் பிள்ளைக்குத் திருத்த இரண்டு வாரம் இருக்கிறது. போட்டி நாளில் மூழ்கினால் அழுகைதான் மிஞ்சும்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. படகில் கோளாறு என்றால் முதலில் மூன்று கேள்விகள். படகுக்குள் தண்ணீர் இருக்கிறதா? இருந்தால் முதல் பகுதிக்குப் போங்கள். உள்ளே உலர்ந்திருந்தும் நேராக நிற்காமல் சாய்கிறதா, சுமை வைத்ததும் கவிழ்கிறதா? இரண்டாம் பகுதி. நேராக நிற்கிறது, ஆனால் விரலால் மெல்லத் தள்ளினால் ஒரு பக்கம் திரும்புகிறதா? நான்காம் பகுதி. மூன்றும் சரி, ஆனாலும் நகரவில்லை என்றால் ஐந்தாம் பகுதி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பிள்ளைகள் அவசரத்தில் பாயையும் மாற்றி, சுக்கானையும் மாற்றி, கல்லையும் எடுத்துவிடுவார்கள். பிறகு எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

1. ஐந்து நிமிடத்தில் படகு ஊறிப்போகிறது

"லி பே குலே, மிஸ்!" மூழ்குது மிஸ் என்று கிரியோலில் ஒரு குரல் கேட்கும். நனைக்கும் நாளில் அதிகம் கேட்கிற குரல் அதுதான்.

ஓட்டையால் நுழைகிறதா, அட்டை உறிஞ்சுகிறதா என்று முதலில் பிரித்தறியுங்கள். கண்ணால் தேட வேண்டாம். படகைத் துடைத்து, பழைய செய்தித்தாளின் மேல் வைத்து, உள்ளே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் காத்திருங்கள். வெளியிலிருந்து உள்ளே வருகிற தண்ணீர், உள்ளிருந்து வெளியேயும் அதே வழியில்தான் போகும். தாளில் புள்ளியாக ஈரம் பட்டால் அங்கே ஓட்டை. பாய்மரம் குத்திய இடமாகவோ மூலை மடிப்பாகவோ இருக்கும். ஓரம் முழுக்கப் பரவலாக நமத்துப்போனால் அட்டை உறிஞ்சுகிறது என்று பொருள்.

உறிஞ்சுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அட்டைப்பெட்டியின் வெட்டு விளிம்பு. அலையலையான நடு அடுக்கு அங்கே திறந்து கிடப்பதால் ஈரம் அதன் வழியாக ஏறிப் படகு முழுதும் பரவுகிறது. இரண்டு, வகுப்பில் காகிதம் ஒட்டுகிற வெள்ளைப் பசை. காய்ந்ததும் கண்ணாடி போலக் கெட்டியாகத் தெரியும், தண்ணீரில் கிடந்தால் மறுபடி இளகிவிடும். முதல் வருடம் நானே எல்லாக் குழுவுக்கும் அந்தப் பசையைக் கொடுத்தேன். பன்னிரண்டு படகுகளில் ஏழின் அடிப்பாகம் பிரிந்து போயிற்று. தவறு பிள்ளைகளுடையதே அல்ல, என்னுடையது.

திருத்தும் முறை இது. வெட்டு விளிம்பு எல்லாவற்றையும் பழுப்பு நிறப் பார்சல் டேப்பால் உள்ளிருந்து வெளியே மடித்து ஒட்டச் சொல்லுங்கள். துண்டு துண்டாக ஒட்டக் கூடாது, ஒரு பக்கத்துக்கு ஒரே நீளம். ஒட்டிய பிறகு கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஈர அட்டையில் டேப் நிற்காது. ஒரு நாள் முழுக்கக் காய வைத்த பிறகுதான் ஒட்ட வேண்டும், இதில் குறுக்கு வழி கிடையாது. டேப் எட்டாத இடத்தில் மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்து வெயிலில் வைத்தால் மெழுகு அட்டைக்குள் இறங்கும். மெழுகை உருக்கித்தான் பூச வேண்டும் என்றால் பெரியவர் ஒருவர் செய்யட்டும். மெழுகு டப்பாவைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், நேரடியாகத் தீயில் வைக்கவே கூடாது.

சுலபமான வழி அட்டைப்பெட்டியையே விட்டுவிடுவது. பாலோ பழச்சாறோ வந்த ஒரு லிட்டர் பெட்டியில் உள்ளேயும் வெளியேயும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அதை நீளவாக்கில் வெட்டினால் உடல் தயார். வெட்டிய விளிம்புக்கு மட்டும் டேப் போதும்.

2. சுமை வைத்ததும் கவிழ்கிறது

இதில்தான் பிள்ளைகள் நிறையக் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே நீங்கள் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

படகு கொஞ்சம் சாயும்போது, தாழ்ந்த பக்கம் அதிகமாகத் தண்ணீருக்குள் போகிறது. அந்தப் பக்கத் தண்ணீர் மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் படகின் எடை இறங்கும் கோட்டைத் தாண்டி வெளியே விழுந்தால் படகு நிமிரும். உள்ளே விழுந்தால் கவிழும். அகலமான படகில் அது வெகுதூரம் வெளியே போகும். எடை உயரத்தில் இருந்தால் உள்ளே விழுந்துவிடும். ஒரே நீளப் படகில் அகலத்தை இரண்டு மடங்காக்கினால், நிமிர்த்தும் தன்மையில் தண்ணீர்மட்டத்தில் படகு அடைக்கும் வடிவத்தின் பங்கு எட்டு மடங்காகிறது, ஏனென்றால் அது அகலத்தின் மும்மடியை (அகலம் × அகலம் × அகலம்) பொறுத்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டாம். ஒரு சாப்பாட்டுத் தட்டையும் படுக்க வைத்த ஒரு பாட்டிலையும் மிதக்கவிட்டு, இரண்டின் மேலும் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லுங்கள். பாட்டில் உருளும், தட்டு நிற்கும். கேள்வி அங்கேயே அவர்களுக்குள் பிறந்துவிடும்.

சரி, தொட்டி அருகே நின்று எதைப் பார்ப்பது? முதலில் சுமை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேல்தளம் கட்டி அதன் மேல் நாணயம் அடுக்கிய குழுதான் முதலில் கவிழும். சுமையைப் படகின் அடியில் இறக்குங்கள். அடுத்து, சுமை அசைகிறதா என்று பாருங்கள். படகு லேசாகச் சாய்ந்ததும் நாணயங்கள் எல்லாம் அந்தப் பக்கமே வழுக்கி ஓடும், சாய்வு கூடும், இன்னும் ஓடும். தீப்பெட்டியின் உள்தட்டு இரண்டை அடியில் ஒட்டி, நாணயத்தை அதற்குள் போட்டால் ஓட்டம் நிற்கும். உள்ளே கிடக்கும் தண்ணீரும் இப்படித்தான். ஒரு விரற்கடைத் தண்ணீர் படகுக்குள் இருந்தாலே அது தாழ்ந்த பக்கம் பாய்ந்து படகைக் கவிழ்க்கும். "கொஞ்சம்தானே மிஸ்" என்பார்கள். துடைத்த பிறகே மறுபடி சுமை ஏற்றட்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கவிழ்ந்தால் உடல் குறுகல். அடியில் கல் வைத்தால் படகு நிமிரும், ஆனால் அந்தக் கல்லும் சுமைக்கணக்கில் இடம் தின்னும். அகலம் கூட்டுவதே மேல். இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மூங்கில் குச்சியால் இணைக்கலாம். அல்லது ஒரு பக்கம் மூடிய சிறு பாட்டிலைப் பக்கமிதவையாகக் கட்டலாம். போன வருடம் ஒரு குழு இரண்டு பெட்டிகளைக் கட்டிவிட்டு, "இது காத்தமாரான்" என்று பிரெஞ்சில் சொன்னது. அந்தச் சொல் நம்முடைய கட்டுமரம்தான் என்றேன். நம் கடற்கரையில் கட்டுமரம் என்றால் மரக்கட்டைகளை நெருக்கமாகச் சேர்த்துக் கட்டியது, இடைவெளி விட்ட இரட்டைப் படகு இல்லை என்பதையும் சொன்னேன். வீட்டில் கிரியோல் மட்டுமே பேசுகிற ஒரு பையன் அன்று அந்தச் சொல்லைத் தன் படகின் பக்கத்தில் தமிழில் எழுதினான், எழுத்துக்கூட்டி, டேப்பின் மேல். அந்தப் படகை இன்னும் வைத்திருக்கிறேன்.

3. கவிழவில்லை, ஆனால் கொஞ்சச் சுமையிலேயே மூழ்குகிறது

படகில் கோளாறு இல்லை, எதிர்பார்ப்பில்தான் கோளாறு. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரை விலக்கினால் ஒரு கிராம் தாங்கலாம். ஒரு லிட்டர் பெட்டியை நீளவாக்கில் பாதியாக வெட்டினால் அது அரை லிட்டர் கொள்ளும். ஆகவே படகும் சுமையும் சேர்ந்து சுமார் 500 கிராம்தான் எல்லை. இங்குள்ள ஒரு ரூபாய் நாணயம் ஏறத்தாழ 7.5 கிராம் (சமையல் தராசில் பத்தைச் சேர்த்து நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்). படகு 25 கிராம் என்றால் 63 நாணயம் வரை கணக்கில் வரும். மட்டமாகப் பரப்பி, மெதுவாக வைத்தால்தான் அவ்வளவும். அலட்சியமாகப் போட்டால் நாற்பதிலேயே ஓரம் முங்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பலகை வேண்டாம். அளவு குடுவையால் படகுக்குள் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அளக்கட்டும். எத்தனை மில்லிலிட்டர் கொள்கிறதோ அத்தனை கிராம். அதிலிருந்து படகின் எடையைக் கழித்து, "எங்கள் படகு இத்தனை நாணயம் தாங்கும்" என்று போட்டிக்கு முன்பே ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்கிறோம். கணிப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு. அதிகம் தாங்கியதைவிடச் சரியாகக் கணித்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

4. வட்டமடிக்கிறது, சுவரில் முட்டுகிறது

பாயையும் துடுப்பையும் கழற்றிவிட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். அப்போதும் திரும்பினால் உடல் கோணல், அல்லது எடை ஒரு பக்கம். தண்ணீர்மட்டக் கோட்டைப் பேனாவால் இரண்டு பக்கமும் குறித்தால் எந்தப் பக்கம் தாழ்வு என்று தெரியும். உடல் நேராகப் போய், பாய் போட்டதும் திரும்பினால் பாய்மரத்தைக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ நகர்த்துங்கள். காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பினால் பாய் பின்னால் தள்ளியிருக்கிறது என்று பொருள், முன்னே கொண்டுபோங்கள்.

அணியம் என்றால் முன்பக்கம், அமரம் என்றால் பின்பக்கம். இந்த இரண்டு சொல்லையும் முதல் வாரமே அட்டையில் எழுதித் தொங்கவிடுகிறோம். சுக்கான் அமரத்தில் இருந்தால்தான் படகை நன்றாக அடக்கும். சுக்கான் தேவையில்லாத குழுவுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு பட்டை போதும். பழச்சாற்றுப் பெட்டியின் மிச்சத் துண்டை இரண்டாக மடித்து ஒட்டினால் நேர்கோட்டில் போகும்.

5. எல்லாம் சரி, நகரவே இல்லை

ரப்பர்பேண்டால் சுற்றும் துடுப்புச் சக்கரம் வைத்தவர்களுக்குத்தான் இது அதிகம். சக்கரத்தின் பலகை முழுதாகத் தண்ணீருக்குள் இருந்தால் மேல்பாதி தண்ணீரை முன்னே தள்ளும், கீழ்ப்பாதி பின்னே தள்ளும், படகு அதே இடத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும். அச்சு தண்ணீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், பலகையின் கீழ்ப்பகுதி மட்டும் நனைய வேண்டும். பின்னோக்கிப் போனால் எதிர்த்திசையில் சுற்றச் சொல்லுங்கள். இரண்டே நொடியில் சுற்று தீர்ந்துபோனால் இரண்டு ரப்பர்பேண்டுகளை முடிச்சுப் போட்டுச் சங்கிலியாக்கலாம், பலகையையும் அகலமாக்கலாம். வெயிலில் கிடந்த ரப்பர்பேண்ட் வெடித்துப்போகும், போட்டி நாளுக்குப் புதியது எடுத்து வையுங்கள்.

பலூன் வைத்தவர்களுக்குக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் இங்கே கிடையாது. 2021 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கிண்ணம், உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்கு நாட்டில் தடை இருக்கிறது. வெளிநாட்டு வழிகாட்டிகள் தெர்மோக்கோல் தட்டும் உறிஞ்சுகுழலும் வாங்கச் சொல்கின்றன. அதை அப்படியே நகல் எடுத்துப் பெற்றோருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நம் கொல்லையில் பப்பாளி இலைக் காம்பு இருக்கிறதே! உள்ளே குழாய்தான். முதல் நாளே வெட்டி, பால் வடியவிட்டு, கழுவிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கை அரிக்கும். தீர்ந்துபோன பேனாவின் குழாயும் ஆகும். குழாய் நேர்பின்னே பார்க்கட்டும். எட்டு வயதுக்குக் கீழே பலூன் ஊத விடாதீர்கள், கிழிந்த துண்டு தொண்டையில் சிக்கும்.

மெழுகுவத்தியால் ஓடும் நீராவிப் படகு வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு தந்தை கேட்பார். அழகான பொறிதான், ஆனால் அட்டைப் படகுகளும் பிள்ளைகளும் நெருக்கியடிக்கிற இடத்தில் தீ வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

6. கற்பூரப் படகு நின்றுவிட்டது

ஆறு, ஏழு வயதுக் குட்டிகளுக்குப் பெரிய போட்டி வேண்டாம், கற்பூரப் படகு போதும். தபால்தலை அளவு தடித்த காகிதத்தைப் படகு வடிவில் வெட்டி, பின்புறம் சிறு வெட்டுப் போட்டு, அதில் கற்பூரத் துணுக்கைச் செருகினால் தட்டுத் தண்ணீரில் தானாக ஓடும். கற்பூரம் பின்பக்கத் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, முன்பக்க இழுவிசை படகை இழுத்துக்கொள்கிறது.

ஓடாமல் நின்றால் கிட்டத்தட்ட எப்போதும் தட்டில் சோப்போ எண்ணெயோதான் காரணம். தலையில் எண்ணெய் தடவிய பிள்ளை தண்ணீரில் விரல் வைத்தாலே போதும். தட்டை வெந்நீரில் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட நேரம் ஓடினாலும் கற்பூரம் பரவிப் படகு தானாக ஓயும், அதற்கும் தண்ணீர் மாற்றுவதுதான் வழி. கற்பூரத்தை வாயில் போட்டால் ஆபத்து. துணுக்குகளை ஆசிரியர் கையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்ளட்டும்.

7. செலவு 150 ரூபாயைத் தாண்டுகிறது

யாராவது ஒரு பெற்றோர் கடைக்குப் போனதுதான் காரணம். பொருளைப் பள்ளியே கொடுத்துவிடுங்கள். முதல் வாரத்துக்கு ஒரு மாதம் முன்பே "கழுவிய பழச்சாற்றுப் பெட்டி, மூடியோடு பாட்டில், தீப்பெட்டி" என்று கோயில் வாசலில் ஒரு பெட்டி வைத்தால் நிரம்பிவிடும். கழுவிய என்ற சொல்லைப் பெரிதாக எழுதுங்கள், இல்லாவிட்டால் எறும்புதான் போட்டி நடத்தும். ஜூன் மாதம் கரும்பு பூத்திருக்கும். பூவின் உலர்ந்த தண்டு இலேசானது, நேரானது, பாய்மரத்துக்கு அதைவிட நல்ல பொருள் கடையில் இல்லை. வயல்காரரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். தென்னை ஈர்க்கு, பழைய சேலைத்துணி, வாழைமட்டை இவையும் காசில்லாதவை. வாழைமட்டை பச்சையாக நன்றாக மிதக்கும், மூன்று நான்கு நாளில் வாடிச் சுருங்கிவிடும், ஆகவே போட்டி நாள் காலையில் வெட்டியதுதான் சரி.

காசு கொடுத்து வாங்க வேண்டியவை டேப், ரப்பர்பேண்ட், மெழுகு. மொத்தமாக வாங்கி, வெட்டி, ஒரே மாதிரிப் பைகளில் போட்டுக் கொடுத்தால் எல்லாக் குழுவுக்கும் ஒரே தொடக்கம். பையில் இல்லாத பொருள் வேண்டுமென்றால் வீட்டில் கிடந்தது மட்டும், அதையும் சீட்டில் எழுதிக் காட்ட வேண்டும். மின்மோட்டாரை இதனால்தான் சேர்ப்பதில்லை. அதை வாங்க முடிகிற வீடும் முடியாத வீடும் ஒரே தொட்டியில் நிற்கும்.

8. படகு மிக அழகாக இருக்கிறது, பிள்ளைக்கு அதைப் பற்றி எதுவும் தெரியவில்லை

இந்தத் தீவில் இது தனி வகைக் கோளாறு. கியூர்பிப்பிலும் குட்லேண்ட்ஸிலும் பழைய கப்பல்களின் வரைபடத்தைப் பார்த்துப் பலகை பலகையாக மாதிரிக் கப்பல் செய்து உலகெங்கும் விற்கிறார்கள். அந்தக் கைத்திறன் இருக்கிற குடும்பங்கள் நம் நடுவிலும் இருக்கின்றன. மாமா ஒருவர் ஒரே இரவில் மூன்று பாய்மரங்கள் உள்ள ஒரு கப்பலைச் செய்து அனுப்பிவிடுவார். பிள்ளை அதைத் தொட அஞ்சும்.

மாமாவைத் திட்ட வேண்டாம், அவர் அன்பால் செய்தார். வீட்டுக்குப் படகை அனுப்பாதீர்கள், கட்டுவது முழுதும் பள்ளியிலேயே, வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். மாமாவைப் பள்ளிக்கு அழையுங்கள். கத்தி பிடிக்கும் முறை, முடிச்சுப் போடும் முறை இரண்டையும் சொல்லித் தரட்டும், ஆனால் எந்தக் குழுவின் படகிலும் கை வைக்கக் கூடாது என்று முன்பே பேசிவிடுங்கள். எங்கள் பள்ளிக்கு அப்படி வந்த ஒரு தாத்தா, மஹேபூர் விரிகுடாவில் பிரோக் என்னும் பாய்ப் படகுகளின் பந்தயத்தில் பாய் பிடித்தவர். காற்று அடிக்கும்போது ஆட்கள் எப்படிப் படகுக்கு வெளியே சாய்ந்து தொங்குவார்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்து நடித்துக் காட்டினார். இரண்டாம் பகுதியில் நான் பாடுபட்டு விளக்கியதைப் பிள்ளைகள் அவரிடம் ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள்.

9. ஒரு பிள்ளை கட்டுகிறது, மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்

பெண்பிள்ளைகளுக்கு வண்ணம் பூசுகிற வேலை மட்டும் வந்து சேருவதும் இந்தக் கோளாறுதான். வெட்டுபவர், ஒட்டுபவர், அளப்பவர், எழுதுபவர் என்று நான்கு சீட்டு, வாரா வாரம் கைமாற வேண்டும். நனைக்கும் நாளில் தண்ணீரில் இறக்குவது அதுவரை அதிகம் பேசாத பிள்ளை. இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

10. தொட்டியில் படகு பாதியில் தரைதட்டுகிறது, அல்லது தொட்டியே பிதுங்குகிறது

நான்கு பலகைகளை நிறுத்தி, தார்ப்பாய் விரித்துச் செய்யும் தொட்டிதான் மலிவு. மூன்று மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 270 லிட்டர், அதாவது 270 கிலோ. மேசை மேலோ மாடி முகப்பிலோ வேண்டாம், தரையில் வையுங்கள். கோயில் முற்றம் மழைத்தண்ணீர் ஓடச் சரிவாக இருக்கும். நூற்றுக்கு இரண்டு சரிவு என்றாலே மூன்று மீட்டரில் ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம். படகு தரைதட்டுவது அதனால்தான். தொட்டியைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி வைத்தால் பெரும்பாலும் தீரும். நீளப் பலகையின் நடுவில் பிதுங்கினால் வெளியே இரண்டு செங்கற்களை முட்டுக் கொடுங்கள். தார்ப்பாய்க்கு அடியில் பழைய பாய் ஒன்று விரித்தால் கல் குத்தாது.

15 சென்டிமீட்டர் ஆழமும் சிறு குழந்தைக்கு ஆபத்தான ஆழம். தண்ணீர் ஊற்றிய நிமிடத்திலிருந்து காலி செய்யும் நிமிடம்வரை ஒரு பெரியவர் தொட்டியை விட்டு நகரக் கூடாது. அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள்.

11. காற்று படகைத் திருப்பி அனுப்புகிறது

ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று இங்கே பலமாக வீசும். பகல் ஏற ஏறக் கூடும். காலை எட்டரைக்கே தொடங்குங்கள், தொட்டியைச் சுவரின் மறைவில் வையுங்கள். பாய்ப் படகுகளுக்கு மேசை விசிறி வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஈரக் கையும் மின்கம்பியும் ஓரிடத்தில் வேண்டாம். தடித்த அட்டையால் ஒரே ஆள், எல்லாப் படகுக்கும் பத்துப் பத்து வீச்சு, தொட்டி முனையில் குறித்த கோட்டில் நின்று வீசட்டும். நவம்பரிலிருந்து மே நடுவரை சூறாவளிக் காலம். அந்த மாதங்களில் நாள் குறித்தால் எச்சரிக்கை வந்து எல்லாம் கலைந்துபோகும். தைப்பூசக் காவடியும் அதற்குள் வருகிறது, பாதிப் பிள்ளைகள் விரதத்தில் இருப்பார்கள்.

12. முடிவு சொன்னதும் சண்டை

முன்பே எழுதி ஒட்டாத விதி எதுவும் விதி ஆகாது. ஒவ்வொரு படகுக்கும் இரண்டு ஓட்டம், நல்லதே கணக்கு. நடுவில் பத்து நிமிடம் பழுதுபார்க்கலாம். "நீளப் படகு வேகமாகப் போகும், இது நியாயமில்லை" என்று ஒரு பெண் வாதாடினாள். அவள் சொன்னது சரியான இயற்பியல். படகு தான் எழுப்பும் அலையைவிட வேகமாகப் போவது கடினம், அந்த அலையின் வேகம் படகின் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தின் டார்க்கி ஊரில் 1872இல் வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் நீளத் தொட்டி கட்டி, மெழுகால் செய்த மாதிரிக் கப்பல்களை இழுத்து இழுத்து ஆராய்ந்தது இந்த வகைக் கேள்விகளைத்தான். 30 சென்டிமீட்டர் படகுக்கு அந்த எல்லை நொடிக்கு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர், ரப்பர்பேண்ட் படகுகள் அதை நெருங்குவதே அரிது. ஆனாலும் நீள எல்லை வைத்திருப்பது சுமைக்காக. பெரிய படகு அதிகம் தாங்குவதில் திறமை ஒன்றும் இல்லை. ஆகவே சுமைக்கு மதிப்பெண் போடும்போது தாங்கிய எடையைப் படகின் எடையால் வகுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் அடுத்த வருட விதித்தாளை எழுதக் கொடுத்தேன்.

13. எல்லாம் முடிந்தது, தண்ணீர் கிடக்கிறது, நாணயம் குறைகிறது

தண்ணீரை அன்று மாலையே இறைத்துவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறக்கும். 2005, 2006இல் சிக்குன்குனியாவையும் 2024இல் டெங்குவையும் பார்த்த நாடு இது. வாளி வரிசையில் பிள்ளைகளை நிறுத்தினால் இருபது நிமிடத்தில் 270 லிட்டரும் கோயில் தோட்டத்துச் செவ்வரளிக்குப் போய்விடும். சோப்பு கலக்காத தண்ணீர்தான், கவலை வேண்டாம். தார்ப்பாயைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், மடித்து வைத்தால் மடிப்பில் தண்ணீர் நிற்கும். டேப் ஒட்டிய பெட்டியை மறுபயன்பாட்டுக்கு எடுக்க மாட்டார்கள், ஆகவே டேப்பை உரித்துப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். பாட்டிலும் மூடியும் அடுத்த வருடத்துக்கு.

உண்டியலிலிருந்து கடன் வாங்கிய நாணயங்களைத் துடைத்து, எண்ணித் திருப்பித் தர வேண்டும். இரண்டோ மூன்றோ குறைந்தால் பிள்ளைகளைக் கேட்காதீர்கள். தார்ப்பாயின் மூலை மடிப்பை விரித்துப் பாருங்கள், ஐந்து முறையும் அங்கேதான் இருந்தன.